“உந்தக் கடை உனக்குத்தானே”: ஒரு வாய்ச்சொல் வழக்கில் நான் கற்றது

2017 இலையுதிர் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அலுவலகம் மூடும் நேரத்தில் அவர் வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பையை மேசையில் வைத்துவிட்டு, “தங்கச்சி, என்னட்ட பத்திரம் ஒண்டும் இல்லை. பெரியப்பா சொன்ன சொல்லு மட்டும்தான் இருக்கு” என்றார்.

நான் லண்டனில் சொத்துத் தகராறு வழக்குகள் பார்க்கும் சொலிசிட்டர், அதாவது ஆலோசனை சொல்லி வழக்கைத் தயாரிக்கும் வழக்கறிஞர். இதை அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வழக்கின் போக்கையும் நான் செய்த தவறுகளையும் மாற்றவில்லை.

கதை இதுதான். 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். பெரியப்பாவின் மளிகைக் கடையில் வேலைக்கு நின்றார். கீழே கடை, மேலே இரண்டு அறை வீடு, முழுக் கட்டடமும் பெரியப்பா பெயரில். காலை ஆறு மணிக்குக் கதவு திறந்து இரவு பத்துக்குப் பூட்டுவது 22 வருடமும் இவர்தான். கையில் கிடைத்தது வாரச் செலவுக்குக் கொஞ்சம் பணம். பிரிட்டனில் 1999 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதும் இவர் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லையாம். ஏனென்றால் பெரியப்பா அடிக்கடி சொல்லுவார்: “உந்தக் கடை உனக்குத்தானே தம்பி, பிறகென்ன யோசிக்கிறாய்?”

2017இல் பெரியப்பா காலமானார். பல வருடங்களுக்கு முன் எழுதிய உயிலில் எல்லாம் கனடாவில் இருக்கும் மகனுக்கும் மகளுக்கும். அவர்கள் கட்டடத்தை விற்க முடிவு செய்து, இவரைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் அனுப்பியிருந்தார்கள்.

இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தில் நிலம், வீடு பற்றிய ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாக வேண்டும். இரு தரப்பும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். 1989ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கறாராகச் சொல்கிறது. அப்படியானால் வாய்ச்சொல்லுக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. அந்தக் கதவுக்குப் பெயர்தான் ப்ரொப்ரைட்டரி எஸ்டாப்பல். எஸ்டாப்பலுக்குச் சட்டத் தமிழில் முரண்தடை என்று ஒரு சொல் உண்டு. நல்ல சொல். ஒன்றைச் சொல்லி நம்பவைத்து, நம்பியவர் தன் வாழ்க்கையை அதன்மேல் கட்டியபின், சொன்னதற்கு முரணாகப் போவதைத் தடுப்பது. மற்ற வகை எஸ்டாப்பல்கள் பெரும்பாலும் தற்காப்புக்குத்தான் பயன்படும். சொத்து பற்றிய இந்த ப்ரொப்ரைட்டரி எஸ்டாப்பலை வைத்து நாமே வழக்குப் போடலாம்.

நீதிமன்றம் மூன்றைத் தேடும். சொத்தில் உரிமை உண்டு என்று நம்பவைக்கும் உறுதிமொழி. அதை நம்பி நடந்தது. அப்படி நடந்ததால் ஏற்பட்ட இழப்பு. மூன்றும் இருந்து, சொன்னவர் பின்வாங்குவது மனச்சாட்சிக்கு ஒவ்வாத செயலாக இருந்தால், நீதிமன்றம் தலையிடும்.

அன்று அவரிடம் நான் சொன்ன முதல் புத்திமதி சட்டம் பற்றியது அல்ல. “அண்ணை, வீட்டை விட்டு மட்டும் வெளியேறிவிடாதீர்கள்” என்றேன். அங்கே குடியிருப்பதே ஒரு பாதுகாப்பு. 2002ஆம் ஆண்டு நிலப் பதிவுச் சட்டம், எஸ்டாப்பலால் பிறக்கும் உரிமையை அது பிறந்த நாளிலிருந்தே சொத்துரிமையாக ஏற்கிறது. குடியிருப்பவரின் அந்த உரிமை, கட்டடத்தை வாங்குகிறவரையும் கட்டுப்படுத்தலாம். ஆனால் வாங்க வருகிறவர் “உங்களுக்கு இதில் ஏதாவது உரிமை இருக்கிறதா?” என்று கேட்கும்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடக்கூடும். நம்மவர்கள் கூச்சத்தில் சிரித்து மழுப்பிவிடுவார்கள். மழுப்பக் கூடாது.

திங்கட்கிழமையே நிலப் பதிவகத்தில் யூனிலேட்டரல் நோட்டீஸ் பதியச் சொல்லி விண்ணப்பித்தோம். அது பதிவேட்டில் ஏறிவிட்டால், இப்படி ஒருவர் உரிமை கோருகிறார் என்பது வாங்க வருகிற எல்லோருக்கும் தெரியும். காரணமே இல்லாமல் ஒருவரின் சொத்தில் இப்படிப் பதிந்து தொல்லை கொடுத்தால் நஷ்டஈடு கட்ட வேண்டிவரும் என்பதையும் மறக்கக் கூடாது. இன்னொன்று: உறவினர்கள் பலர் ப்ரொபேட்டை, அதாவது உயிலுக்குக் கிடைக்கும் சட்ட அங்கீகாரத்தை, நிறுத்த கேவியட் என்ற தடை மனுப் போடத்தான் முதலில் ஓடுகிறார்கள். உயிலே செல்லாது என்றால்தான் அது சரியான கருவி. இங்கே உயில் செல்லும். உயில் எழுதியவரின் சொத்துமீது நமக்கு உரிமை உண்டு என்பதுதான் வாதம்.

அப்புறம் அந்தப் பையைக் கொட்டினோம்.

பெரும்பாலும் மின்சாரக் கட்டணச் சீட்டுகள், மொத்த வியாபாரிகளின் பில்கள். 2008இல் கூரை ஒழுகியபோது இவர் தன் வங்கி அட்டையில் கட்டிய 6,400 பவுண்டு ரசீது. கடைசியாக, நான்காக மடித்த ஒரு கடிதம். மடிப்புகளில் தாள் கிழிந்து, உள்பக்கம் டேப் ஒட்டியிருந்தது. 2001இல் ஒரு பஸ் கம்பெனி அனுப்பியது: ஓட்டுநர் பயிற்சிக்குத் தேர்வாகிவிட்டீர்கள், இந்தத் தேதியில் வந்து சேருங்கள். “இதை ஏன் அண்ணை வைத்திருந்தீர்கள்?” என்று கேட்டேன். “காசுப் பெட்டிக்குள்ள, சில்லறைத் தட்டுக்குக் கீழ வச்சிருந்தனான். பெரியப்பாவுக்குக் காட்டினன். சிரிச்சார். கடையை வச்சுக்கொண்டு பஸ் ஓடப் போறியோ எண்டு கேட்டார். நான் போகேல்லை.”

அந்த ஒரு தாளில் மூன்றும் இருந்தன. பெரியப்பா சொன்னது, இவர் நம்பியது, நம்பியதால் கைவிட்ட ஓய்வூதியத்தோடு கூடிய வேலை. ஆனால் அதன் பெறுமதி அன்று எனக்கு முழுதாகப் புரியவில்லை. என் கவனமெல்லாம் அந்தப் பெரிய வாக்குறுதியில் இருந்தது.

இங்கேதான் என் முதல் தவறு. எதிர்த்தரப்புக்கு அனுப்பிய முதல் கடிதத்தில், “கட்டடம் முழுவதையும் தருவதாகப் பலமுறை தெளிவாக உறுதியளித்தார்” என்று எழுதினேன். சாட்சி வாக்குமூலத்தையும் அதே தொனியில் ஆங்கிலத்தில் தயாரித்தேன். அவர் தமிழில் சொல்லச் சொல்ல, நான் நேராக ஆங்கிலத்தில் தட்டினேன். சொத்துச் சட்டத்தின் சொற்களெல்லாம் அதில் வந்து உட்கார்ந்துவிட்டன. வாசித்துக் காட்டி மொழிபெயர்த்தபோது அவர் தலையாட்டினார். எழுதியது நான், தலையாட்டியது அவர்.

இரண்டாவது தவறு, அவர் வாடகை தராமல் குடியிருந்ததை ஒரே வரியில் கடந்துபோனது. நம்பி இழந்ததை மட்டும் நீதிமன்றம் கணக்குப் பார்ப்பதில்லை, கிடைத்ததையும் பார்க்கும். 22 வருட இலவச வீடு, சாப்பாடு எல்லாம் எதிர்ப்பக்கத்தில் ஏறும். அதை நாமே முன்வந்து சொல்லி, “அதைக் கழித்த பிறகும் இவ்வளவு இழப்பு” என்று காட்டுவதுதான் வழி. மறைத்தால் மற்றதையும் நம்பமாட்டார்கள்.

வழக்கு 2019இல் விசாரணைக்கு வந்தது. காலை முழுக்க ஒரு மாதிரி போனது. மதியத்துக்குப் பின் எதிர்த்தரப்பு பாரிஸ்டர் (நீதிமன்றத்தில் நின்று வாதாடும் வழக்கறிஞர்), மிகவும் மரியாதையான மனிதர், குறுக்கு விசாரணையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “உங்கள் பெரியப்பா பயன்படுத்திய வார்த்தை எது? அப்படியே சொல்லுங்கள்.”

இவர் சொன்னார்: “உந்தக் கடை உனக்குத்தானே.”

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னபோது ‘அந்தக் கடை உனக்கு, இல்லையா?’ என்று ஒரு கேள்வியாக விழுந்தது. பாரிஸ்டர் விடுவாரா? “அப்படியானால் அவர் உங்களைக் கேட்டாரே தவிர, உங்களுக்கு எதையும் உறுதியளிக்கவில்லை. வாக்குமூலத்தில் இருப்பதோ ‘தெளிவாக உறுதியளித்தார்’ என்று. அதோடு கடை என்றுதான் சொன்னார். மேலே உள்ள வீட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. சரிதானே?”

என் கை குளிர்ந்துவிட்டது. தமிழில் ‘தானே’ என்பது சந்தேகம் அல்ல என்று எனக்குத் தெரியும், அறையிலிருந்த ஐந்தாறு தமிழருக்குத் தெரியும், பின்வரிசையில் இருந்த பெரியப்பாவின் மகனுக்கும் தெரியும். ‘இது நம் இருவருக்கும் தெரிந்த விஷயம், இதில் பேச என்ன இருக்கிறது’ என்கிற உறுதி அது. கேள்விக்குறி போட்டு எழுதினாலும் அது கேள்வி அல்ல. ஆனால் நான் எழுந்து மொழி வகுப்பு எடுக்க முடியாது. வாக்குமூலத்தில் அந்தத் தமிழ் வாக்கியம் இருந்திருந்தால், அதன் பொருள் பற்றி முன்கூட்டியே ஆதாரம் கொடுத்திருக்கலாம். அதை நான் செய்யவில்லை.

காப்பாற்றியது அவரே. கடைக்குள் வீடு அடங்குமா என்று நீதிபதி நேரடியாகக் கேட்டார். இவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “ஐயா, நாங்கள் ஒரு நாளும் வீட்டுக்குப் போறம் எண்டு சொன்னதில்லை. நித்திரை கொள்ளப் போறதெண்டாலும் கடைக்குப் போறம் எண்டுதான் சொல்லுவம். பெரியப்பாவும் அப்பிடித்தான்.” நீதிபதி பேனாவை எடுத்து நீண்ட நேரம் எழுதினார். பிறகு மொழிபெயர்ப்பாளரிடம், அந்தக் கடைசிச் சொல் வழக்கமாகக் கேள்வியா அல்லது வலியுறுத்தலா என்று கேட்டார். அவர், இரண்டாகவும் வரும், சொல்கிற இடத்தைப் பொறுத்தது என்றார். அது நேர்மையான பதில்.

சொல்கிற இடத்தைப் பொறுத்தது என்பதில்தான் இந்தச் சட்டமே நிற்கிறது. அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் 2009இல் தீர்ப்பளித்த தோர்னர் எதிர் மேஜர் வழக்கை இந்தத் துறையில் இருக்கிற எல்லோரும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். சாமர்செட்டில் ஒரு பண்ணை. பீட்டர் தோர்னரின் பண்ணையில் உறவினரான டேவிட் ஏறக்குறைய 30 வருடம் சம்பளமில்லாமல் உழைத்தார். இருவரும் அதிகம் பேசாதவர்கள். பண்ணை உனக்கு என்று பீட்டர் ஒருநாளும் நேராகச் சொன்னதில்லை. 1990இல் ஒரு காப்புறுதி போனஸ் அறிவிப்பை எடுத்து டேவிடிடம் நீட்டி, ‘இது என் சாவு வரிக்கு’, அதாவது தான் இறந்தபின் சொத்துக்குக் கட்ட வேண்டிய வரிக்கு, என்ற பொருளில் ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். பீட்டர் 2005இல் உயில் இல்லாமல் இறந்தார். கோர்ட் ஆஃப் அப்பீலில் தோற்ற டேவிட், கடைசியில் வென்றார். உறுதிமொழி எவ்வளவு தெளிவாக இருக்க வேண்டும் என்பது அந்த இருவரின் வாழ்க்கையை வைத்து அளக்கப்பட வேண்டியது என்றார்கள் நீதிபதிகள்.

இதை மேற்கோள் காட்டி வாதிட எங்கள் பாரிஸ்டர் தயாராக இருந்தார். ஆனால் வென்றாலும் என்ன கிடைக்கும் என்பது வேறு கணக்கு. சொன்னதையெல்லாம் அப்படியே தூக்கிக் கொடுப்பார்கள் என்று எந்தக் கட்சிக்காரரிடமும் நான் சொல்வதில்லை. 2002இல் முடிந்த ஜெனிங்ஸ் எதிர் ரைஸ் வழக்கில், ஒரு மூதாட்டியைப் பல வருடம் பார்த்துக்கொண்ட தோட்டக்காரர், சுமார் 12.85 இலட்சம் பவுண்டு சொத்தில் 2,00,000 பவுண்டுதான் பெற்றார். 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், மகன் பெற்றோர்மீது தொடுத்த கெஸ்ட் எதிர் கெஸ்ட் வழக்கில் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் இதை மறுபடி விளக்கியது. வாக்கை நிறைவேற்றுவதுதான் இயல்பான தொடக்கப் புள்ளி. ஆனால் அது இழப்புக்கு முற்றிலும் பொருந்தாத அளவுக்குப் போகக் கூடாது. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே மகனுக்குப் பங்கு கிடைக்கிறது என்றால், முன்கூட்டிக் கிடைப்பதற்காக ஒரு தொகையைக் கழிக்கவும் வேண்டும் என்றது. எங்கள் வழக்கு நடந்தபோது இந்தத் தீர்ப்பு வரவில்லை. வந்திருந்தால் எங்கள் பேரம் இன்னும் கொஞ்சம் பலமாக இருந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

அன்றிரவு அவர் எனக்கு போன் செய்தார். “தங்கச்சி, வெல்லுவமோ?” வெல்லலாம், பாதி பாதி என்றேன். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவையும் கட்ட வேண்டும் என்பதை மறுபடி சொன்னேன். அவர்கள் ஒரு வருடத்துக்கு முன்பே பார்ட் 36 விதிப்படி 60,000 பவுண்டுக்கு ஒரு சமாதான முன்மொழிவு கொடுத்திருந்தார்கள். அதைவிடக் குறைவாகத் தீர்ப்பு வந்தால், ஏற்பதற்கு விட்ட 21 நாள் முடிந்த தேதியிலிருந்து அவர்களுடைய செலவு பொதுவாக நம் தலையில் விழும். இது என் மூன்றாவது தவறையும் சொல்ல வைக்கிறது: நாங்கள் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு முன்மொழிவை எழுத்தில் கொடுக்கவே இல்லை. உழைப்பைப் பேரம் பேசுவதா என்று அவர் முறைத்தார், நானும் வற்புறுத்தாமல் விட்டுவிட்டேன். வற்புறுத்தியிருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் காலை, நீதிபதி வருவதற்கு முன், நடைபாதையில் இரு தரப்பு பாரிஸ்டர்களும் பேச ஆரம்பித்தார்கள். மதியத்துக்குள் முடிந்தது. மேல் வீடு 125 வருடக் குத்தகையாக இவர் பெயருக்கு. கூரைச் செலவும் இன்னும் கொஞ்சமும் ரொக்கமாக. கட்டடமும் கடையும் பிள்ளைகளுக்கு. டொம்லின் ஆர்டராக, அதாவது சமரச நிபந்தனைகளோடு வழக்கை நிறுத்திவைக்கும் நீதிமன்ற உத்தரவாக, எழுதிக் கையெழுத்தானது. இரு தரப்புச் சட்டச் செலவும் சேர்ந்து கடையின் பல வருட லாபத்தைத் தின்றுவிட்டது.

கையெழுத்துக்குப் பின் பெரியப்பாவின் மகன் இவரிடம் வந்தார். இரண்டு வருடமாக நேரில் பேசாதவர்கள். “அண்ணை, அப்பா எனக்கும் அதைத்தான் சொன்னவர். உந்தக் கடை உங்களுக்குத்தானே எண்டு” என்றார். இவர், “தெரியும் தம்பி” என்று மட்டும் சொன்னார்.

அந்த வழக்குக்குப் பிறகு நான் வேலை செய்யும் விதம் மாறியது. தமிழில் பேசுகிற சாட்சியின் வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதுகிறேன். பெரியப்பா ‘தம்பி’ என்றால் அதில் தம்பி என்றே இருக்கும். அதற்குப் பிறகுதான் ஆங்கில மொழிபெயர்ப்பு, அதை ஒரு தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் செய்வார். 2020 ஏப்ரலில் நீதிமன்ற விதிகளும் இதைத் தெளிவாக்கின: வாக்குமூலம் சாட்சியின் சொந்த மொழியில் இருக்க வேண்டும், மொழிபெயர்ப்பு தனியாக இணைக்கப்பட வேண்டும். ஆங்கிலம் தடுமாறுகிற உங்கள் அம்மாவுக்கோ மாமாவுக்கோ ஒரு சொலிசிட்டர் நேராக ஆங்கிலத்தில் வாக்குமூலம் தயாரித்துக் கையெழுத்துக் கேட்டால், தயங்காமல் தமிழில் வேண்டும் என்று கேளுங்கள். அது சலுகை அல்ல, விதி.

முதல் சந்திப்பில் நான் இப்போது வாக்குறுதியைப் பற்றிக் கேட்பதே இல்லை. “இது உங்களுக்கு வரும் என்று நினைத்ததால் எதைச் செய்யாமல் விட்டீர்கள்?” என்றுதான் கேட்கிறேன். மறுத்த வேலை, வாங்காமல் விட்ட வீடு, தள்ளிப்போட்ட கல்யாணம், மூடிய பென்ஷன் கணக்கு. வாக்குறுதி ஞாபகத்தில் ஊதிப் பெருகும். கைவிட்டதற்குத் தேதியும் தாளும் இருக்கும். வாட்ஸ்அப் குரல் பதிவுகளை அழிக்காதீர்கள், போன் மாற்றும்போது பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அதே சமயம், “உனக்கு எழுதலாம் என்று நினைக்கிறேன்” என்பது வேறு, “உனக்குத்தான்” என்பது வேறு. உயிலை யாரும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். வெறும் எண்ணத்தைச் சொன்னதற்காக எந்த நீதிமன்றமும் ஒருவரைக் கட்டிப்போடாது. வியாபாரிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டதும் பெரும்பாலும் நிற்காது. கையெழுத்தாகும்வரை கட்டுப்பாடில்லை என்று தெரிந்தே பேசியவர்களுக்கு இந்தக் கதவு திறப்பது அரிது.

போன வருடம் ஓர் அம்மா வந்தார். கணவர் காலமானபின் தன் பிளாட்டை விற்று, 85,000 பவுண்டை மகன் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை கட்டக் கொடுக்கப் போகிறார். “கடைசி வரைக்கும் எங்களோடயே இருங்கோ அம்மா” என்று மகன் சொல்லியிருக்கிறார். மகன் நல்ல பிள்ளை, மருமகளும் அப்படியே. இதற்கிடையில் மகன் வீட்டுக் கடனைப் புதுப்பிக்க, வங்கியிலிருந்து இரண்டு தாள்கள் வந்திருந்தன. ஒன்றில், கொடுக்கும் பணம் அன்பளிப்பு, வீட்டில் எந்தப் பங்கும் கோரமாட்டேன் என்றிருந்தது. இன்னொன்று, வீட்டில் வசிக்கும் வயது வந்தவர் தன் உரிமை எதுவானாலும் வங்கியின் உரிமைக்குப் பின்னால்தான் என்று ஒப்புக்கொள்வது. “சும்மா ஒரு சம்பிரதாயம் எண்டு சொல்லிச்சினம், இந்த இடத்தில சைன் வைக்கட்டோ?” என்று பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார்.

பேனாவை வாங்கி மூடி வைத்தேன். முதல் தாளில் கையெழுத்திட்டுவிட்டால், பிற்காலத்தில் மகன் சொன்ன வார்த்தைக்கு எதிராக அவருடைய சொந்தக் கையெழுத்தே சாட்சி சொல்லும். மகனுக்குத் தனி சொலிசிட்டர், அம்மாவுக்கு நான் என்று பிரித்தோம். ஒரே ஆள் இருவருக்கும் ஆலோசனை சொல்லக் கூடாது. பணம் அன்பளிப்பு அல்ல என்பதை வங்கிக்கு மறைக்காமல் எழுதினோம். அந்த வங்கி ஒத்துக்கொள்ளவில்லை. மகன் வேறொரு வங்கிக்குப் போக வேண்டியிருந்தது, ஆறு வாரம் தாமதம், வட்டியும் கொஞ்சம் கூட. டிக்ளரேஷன் ஆஃப் டிரஸ்ட் ஒன்று எழுதினோம்: அம்மாவின் பங்கு எவ்வளவு, அங்கே வாழும் உரிமை, மகன் வீட்டை விற்றாலோ பிரிந்தாலோ மகனுக்கு ஏதாவது ஆனாலோ என்ன செய்வது என்று எல்லாம் மூன்று பக்கத்தில். ஒரே உரிமையாளர் தனியாக வீட்டை விற்றுப் பணம் வாங்குவதைத் தடுக்கும் ஃபார்ம் ஏ கட்டுப்பாடும் நிலப் பதிவேட்டில் பதிந்தோம்.

கையெழுத்திடும் நாளில் மகன் கொஞ்சம் சங்கடத்தோடுதான் வந்தார். “அம்மா என்னை நம்பேல்லையோ எண்டு முதல்ல யோசிச்சன்” என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. தமிழில் எழுதிக் கொடுத்த விளக்கத்தை விரலால் தொட்டுத் தொட்டு முழுக்க வாசித்தார். “வாழும் உரிமை” என்ற இடத்தில் விரல் சிறிது நேரம் நின்றது. பிறகு கையெழுத்திட்டு, பிரதியை மடிக்காமல் பையில் வைக்க ஒரு கெட்டியான உறை கேட்டார். கொடுத்தேன்.